தொண்டுப்பட்டிக்குப் பின்னால் ஒரு நாகரிகம்

ஆறாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில் நானும் என் மாமன் மகனும் சேர்ந்து ஒரு பழங்கால நாகரிகத்தைத் தயாரித்தோம். மொத்தச் செலவு ஒரு காம்பஸ் முனை, அரை டம்ளர் டீ டிகாஷன், இரண்டு நாள் பொறுமை.

அம்மிச்சி ஊர் நொய்யல் கரையில். கொடுமணலுக்கு ஏழெட்டு மைல்தான் இருக்கும். எண்பதுகளில் அங்கே அகழாய்வு ஆரம்பித்ததிலிருந்தே சுற்றுவட்டாரம் முழுக்க அதே பேச்சு. பதிற்றுப்பத்தில் "கொடுமணம் பட்ட வினைமாண் அருங்கலம்" என்று வருகிற கொடுமணம் இதுதான் என்று டீக்கடையில்கூடச் சொல்வார்கள், சொல்கிறவர் பதிற்றுப்பத்தை ஒரு பக்கம்கூடப் புரட்டியிருக்க மாட்டார். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காட்டுக்குள் நடந்தால் சிவப்புப் பாசிமணி ஒன்றிரண்டு கண்ணில் படும், உள்பக்கம் கருப்பும் வெளிப்பக்கம் சிவப்புமாக இருக்கிற பானை ஓடு காலில் இடறும். அந்த மாதிரி ஓடுகளில் இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆட்கள் தங்கள் பெயரைக் கீறி வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் எங்களுக்குத் தூக்கம் போய்விட்டது. லீவு பூராவும் தேடினோம். ஓடு கூடை கூடையாகக் கிடைத்தது, ஒன்றிலும் எழுத்து இல்லை.

அப்புறம் என்ன, நாங்களே கீறினோம்.

வழவழப்பான ஓடாகப் பார்த்து எடுத்து, ஜாமெட்ரி பாக்ஸ் காம்பஸால் மூன்று எழுத்து போட்டோம். எழுத்து என்றா சொல்வது, ஒரு கூட்டல் குறி, ஒரு கவிழ்த்துப் போட்ட கவண், அப்புறம் ஏணி மாதிரி ஒன்று. கீறின இடம் மட்டும் பளிச்சென்று வெளுப்பாகத் தெரிந்ததால் அதில் டிகாஷனை ஊற்றி, சாணித் தண்ணியில் ஒரு ராத்திரி ஊறப் போட்டு, செம்மண்ணை அப்பி வெயிலில் காயவைத்தோம். ஆடு அடைக்கிற தொண்டுப்பட்டிக்குப் பின்னால், ஆட்டுப் புழுக்கை குவிந்து கிடக்கிற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டி அதைப் படுக்கவைத்து மூடினோம். மூடியதுதான் பெரிய வேலை. தோண்டின மண்ணைத் திரும்பப் போட்டால் அது முன்னே இருந்த மாதிரி இருக்காது, மேடு தட்டும், நிறம் மாறும், காலை வைத்தால் புதையும். தண்ணி தெளித்து, மிதித்து, மேலே சருகு தூவி, ஆடுகளை ஓட்டிவிட்டு நடக்க வைத்தோம். இரண்டாம் நாள் சாயந்திரம் அப்புச்சி வந்து நிற்கிற நேரம் பார்த்து மண்புழு தோண்டுகிற சாக்கில் அதைக் "கண்டுபிடித்தோம்".

அப்புச்சி அதைத் துண்டில் துடைத்து, தூரத்தில் பிடித்துப் பார்த்து, நேராகத் தமிழய்யா வீட்டுக்கு நடந்தார். நாங்கள் பின்னாலேயே போனோம். கொஞ்சம் பெருமை, நிறைய பயம்.

தமிழய்யா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஓட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "எங்க கெடச்சுது கண்ணு இது?" என்றார். "தொண்டுப்பட்டிக்குப் பொறத்தாலங்க" என்றான் மாமன் மகன். அடுத்த நிமிஷம் அவர் அதை வாசித்துவிட்டார். "சாத்தன்" என்றார். அதோடு நிற்கவில்லை. சாத்தன் என்பது சாத்து, அதாவது வணிகக் கூட்டம் சம்பந்தப்பட்ட பேர், கொடுமணலுக்கு மணி வாங்க வந்த வியாபாரியாக இருக்கலாம், ராத்திரி தங்கின இடத்தில் பானை உடைந்திருக்கும், அப்படியானால் மேற்குக் கடற்கரைக்குப் போன பெருவழி நம்ம ஊர் வழியாகத்தான் போயிருக்கிறது என்று இருபது நிமிஷம் பேசினார். கூட்டல் குறியும் கவணும் ஏணியும் சேர்ந்து ஒரு ஆளாகி, அந்த ஆளுக்குத் தொழிலும் வழியும் ஒரு ராத்திரித் தங்கலும் கிடைத்து, அவன் பானை எங்கள் கண் முன்னாலேயே உடைந்தது. எங்களுக்கு வாய் திறக்கத் தெம்பில்லை. ஓட்டை அவரே வைத்துக்கொண்டார்.

இதை இத்தனை வருஷம் கழித்து எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் லூரோஸ். ஆங்கிலத்தில் எழுதும்போது முதலில் இரண்டு எல், அடுத்து ஒரு எச் வரும், உச்சரிக்கும்போதே ஏதோ செத்துப்போன மொழி மாதிரி நாக்கு தடுமாறும். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் இத்தாக்கா என்ற ஊரில் கார்னெல் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே ஓவியமும் சிற்பமும் கற்றுக்கொடுத்த நார்மன் டேலி 1972-இல் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ டிக்சன் வைட் அருங்காட்சியகத்தில் லூரோஸ் நாகரிகத்தின் கண்காட்சியை வைத்தார். 150-க்கும் மேற்பட்ட தொல்பொருள்கள். எண்ணெய்க் கலம், நேர்த்திக்கடன் பொருள், பூசைச் சாமான், சுவரோவியத் துண்டு, இசைக்கருவி. ஒவ்வொன்றுக்கும் எண், காலம், கிடைத்த இடம், பயன். கூடவே அந்த மக்களின் கவிதை, அவர்கள் இசை, வரைபடம், கேட்டலாக், அதில் லூரோஸ் அறிஞர்களின் கருத்துகள். எல்லாமே டேலியின் கைவேலை. அப்படி ஒரு நாடும் கிடையாது, அப்படி ஒரு அறிஞரும் கிடையாது.

பொருள்களை அவர் எதிலிருந்து செய்தார் என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. வீட்டில் தீர்ந்துபோன பிளாஸ்டிக் புட்டி, சமையலறைச் சாமான், இயந்திர உதிரிப் பாகம், குப்பைக்குப் போக வேண்டியவை. அவற்றுக்கு மேல்பூச்சு கொடுத்து, பச்சைக் களிம்பு ஏற்றி, மூலை உடைத்து, பழசாக்கினார். ஆனால் முழுசாக மறைக்கவில்லை. கண்ணை ஊன்றிப் பார்த்தால் புட்டியின் கழுத்து தெரியும், அச்சில் வார்த்த கோடு தெரியும். நாங்கள் டிகாஷன் ஊற்றி மறைக்கப் பார்த்ததை அவர் வேண்டுமென்றே கொஞ்சம் விட்டுவைத்தார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நான் படங்களில் பார்த்ததுதான், நேரில் இல்லை. ஆனாலும் படத்திலேயே ஒரு விஷயம் நடக்கிறது. முதலில் பொருளைப் பார்க்கிறோம், புரியவில்லை. பக்கத்தில் இருக்கிற விளக்கச் சீட்டைப் படிக்கிறோம், புரிந்துவிடுகிறது. திரும்பப் பொருளைப் பார்த்தால் அது நிஜமாகவே பூசைச் சாமானாக இருக்கிறது. அப்புறம் திடீரென்று அந்தக் கழுத்து கண்ணில் படும்போது சிரிப்பு வரும், சிரித்த கையோடு ஒரு சந்தேகமும் வரும். போன மாசம் ஏதோ ஒரு மியூசியத்தில் கண்ணாடிக்குள் பார்த்த "சடங்குப் பொருள்" நிஜத்தில் என்னவாக இருந்திருக்கும் என்று.

சடங்குப் பொருள் என்ற வார்த்தைக்காகவே ஒரு தனிப் பதிவு எழுதலாம். என்ன பயன் என்று தெரியாத எதையும் சடங்கில் சேர்த்துவிடுவது தொல்லியலாளர்களே தங்களுக்குள் கேலி பண்ணிக்கொள்கிற வழக்கம். டேவிட் மெக்காலே 1979-இல் ஒரு படப் புத்தகம் போட்டார். கி.பி. 4022-இல் ஒரு ஆள் மண்ணுக்குள் புதைந்த அமெரிக்க மோட்டல் அறை ஒன்றைக் கண்டுபிடித்து அதை அரசனின் கல்லறை என்று நினைத்துக்கொள்கிற கதை. டிவி பெரிய பலிபீடமாகிவிடும், டாய்லெட் சீட் புனிதக் கழுத்தணியாகிவிடும், ஒரு பெண் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கம்பீரமாகப் பார்ப்பாள். அந்தப் படம் சும்மா வரைந்ததில்லை. டிராய் நகரைத் தோண்டிய ஹைன்ரிஷ் ஷ்லீமன் 1873-இல் கிடைத்த தங்க நகைகளைத் தன் மனைவி சோஃபியாவுக்கு அணிவித்துப் புகைப்படம் எடுத்தாரே, அதன் நக்கல். ஷ்லீமன் அந்த நகைகளுக்கு பிரியாம் அரசனின் புதையல் என்று பேர் வைத்தார். நகை அசல், தங்கம் அசல், பேர் மட்டும் தப்பு. ட்ரோஜன் போர் நடந்ததாகச் சொல்லப்படுகிற காலத்துக்குச் சுமார் 1000 வருஷம் முந்தைய நகைகள் அவை. சோஃபியாவின் கழுத்திலும் அந்த டாய்லெட் சீட்டிலும் ஒரே மாதிரி ஒரு விளக்கச் சீட்டுதான் தொங்கிக்கொண்டிருந்தது.

இதுவரை சிரிக்கலாம். ஜப்பான் கதைக்கு வந்தால் சிரிப்பு பாதியில் நின்றுவிடும்.

முன்கதை கொஞ்சம் வேண்டும். இரண்டாம் உலகப் போர் முடிகிற வரை ஜப்பானில் பழைய கற்கால மனிதர்களே வாழவில்லை என்பதுதான் பொதுக் கருத்து. எரிமலைச் சாம்பல் படிந்த செந்நிற மண் அடுக்கு வந்துவிட்டால் தோண்டுகிறவர்கள் கடப்பாரையைக் கீழே வைத்துவிடுவார்கள், அதற்குக் கீழே மனிதத் தடயம் கிடையாது என்று. டாடாஹிரோ ஐஸாவா என்கிற இளைஞர், நாட்டோ என்ற புளிக்கவைத்த சோயாவைத் தெருத்தெருவாக விற்றுப் பிழைத்தவர், 1946-இல் இவாஜுகு என்ற இடத்தில் வெட்டின பாதையோரம் அந்தச் செம்மண் அடுக்கிலேயே கல்லாயுதத்தைப் பார்த்தார். 1949-இல் மெய்ஜி பல்கலைக்கழகம் அங்கே தோண்டி அவர் சொன்னது சரிதான் என்று உறுதி செய்தது. படிக்காத வியாபாரி ஒருவர் பேராசிரியர்களையெல்லாம் திருத்திய கதை. யாருக்குத்தான் பிடிக்காது.

பட்டமில்லாத இன்னொரு ஆள் ஷினிச்சி ஃபுஜிமுரா. மியாகி மாகாணத்துக்காரர், கம்பெனியில் வேலை, லீவு நாளில் தோண்டல். 1981-இல் ஸாஸராகி என்ற இடத்தில் 40,000 வருஷத்துக்கு முந்தைய அடுக்கில் அவர் குழு கல்லாயுதம் எடுத்தது. அதுவரை ஜப்பானில் அவ்வளவு பழசு என்று யாரும் துணிந்து சொன்னதில்லை. அப்புறம் வண்டி நிற்கவே இல்லை. அவர் கை வைத்த இடத்திலெல்லாம் கிடைத்தது, ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் பழசாகக் கிடைத்தது. லட்சம் வருஷம், இரண்டு லட்சம், ஐந்து லட்சம், கடைசியில் 6,00,000 வருஷம். மற்றவர்கள் நாள் முழுக்கத் தோண்டி வெறுங்கையோடு போவார்கள், இவர் வந்து குனிந்தால் கல் வரும். கடவுளின் கை என்று பேர் வைத்தார்கள். 1992-இல் ஐஸாவா பெயரில் ஏற்படுத்தின விருதை முதன்முதலில் இவருக்குத்தான் கொடுத்தார்கள். ஸாஸராகியை 1997-இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்கள். பாடப்புத்தகத்தில் ஏறியது. அவர் குழு தோண்டின கமிடகமோரி இருக்கிற ஊரில் ஆதிமனிதன் பேரில் சாராயம்கூட விற்றார்கள்.

சுமார் 30 கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கிற இரண்டு தனித்தனி இடங்களில் கிடைத்த கல் துண்டுகள் இரண்டும் ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்தின, ஒரே கல்லின் இரண்டு பாதி. இதைக் கேட்டதும் நமக்கு என்ன தோன்றும்? அங்கே ஆதிமனிதர்கள் அவ்வளவு தூரம் அலைந்திருக்கிறார்கள் என்று வியந்தார்கள். நம் தமிழய்யாவின் பெருவழி மாதிரி. கதை அவ்வளவு அழகாக இருந்தால் யாரும் குழியைப் பார்ப்பதில்லை, கதையைத்தான் பார்க்கிறார்கள். சந்தேகப்பட்டவர்களே இல்லை என்று சொல்ல முடியாது. ஷிசுவோ ஓடாவும் சார்லஸ் கீலியும் 1986-லேயே இந்தக் கற்கள் சரியில்லை என்று கட்டுரை எழுதினார்கள். அது எடுபடவில்லை, அவ்வளவுதான்.

2000 அக்டோபர் 22, விடியற்காலை. மைனிச்சி செய்தித்தாள்காரர்கள் கமிடகமோரியில் மறைவாகக் கேமரா வைத்திருந்தார்கள். யாரும் இல்லாத நேரத்தில் ஃபுஜிமுரா தனியாக வருகிறார், குழி தோண்டுகிறார், கையில் கொண்டுவந்த கற்களை உள்ளே வைத்து மண்ணைத் தள்ளி மிதிக்கிறார். சில நாள் கழித்து அவர் குழு பெரிய கண்டுபிடிப்பு என்று பத்திரிகைகளைக் கூப்பிட்டு அறிவிக்கிற வரை செய்தித்தாள் வாயைத் திறக்கவில்லை. நவம்பர் 5-ஆம் தேதி படங்களோடு போட்டது. அன்றைக்கே அவர் ஒத்துக்கொண்டார், பேய் பிடித்தாற்போல ஆகிவிட்டது என்கிற அர்த்தத்தில் ஏதோ சொன்னார். அந்த வருஷம் கமிடகமோரியில் எடுத்த 65 கற்களில் 61 அவர் வைத்தது. ஹொக்கைடோவில் இன்னொரு இடத்தில் எடுத்த 29-ம் அவர் வைத்தது.

அந்தப் புகைப்படத்தைப் பார்த்தபோது எனக்கு வயிற்றில் என்னமோ செய்தது. அவர் குனிந்திருந்த விதம், மண்ணைத் திரும்பத் தள்ளுகிற அந்த அவசரம். மேடு தட்டக்கூடாதே என்கிற கவலை எனக்குத் தெரியும். பன்னிரண்டு வயசில் பட்ட கவலை அது.

ஜப்பானியத் தொல்லியல் சங்கம் அவர் சம்பந்தப்பட்ட இடங்களையெல்லாம் மறுபடி ஆராய்ந்தது, வருஷக்கணக்கில் நடந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட இடங்கள் அடிபட்டுப் போயின. 2002 டிசம்பரில் ஸாஸராகியின் தேசியச் சின்ன அந்தஸ்தை ரத்து செய்தார்கள், பாடப்புத்தகத்தைத் திருத்தினார்கள். ஆனால் கற்கள் போலி இல்லை. அவர் கல்லைச் செதுக்கவே இல்லை. வேறு இடங்களில் மேல்மண்ணில் கிடைக்கிற ஜோமோன் காலத்து அசல் கல்லாயுதங்களை, அதாவது சில ஆயிரம் வருஷப் பழமை உள்ளதை எடுத்து, லட்சக்கணக்கான வருஷ அடுக்குக்குள் செருகினார். பொய் இருந்தது கல்லில் இல்லை, கல் படுத்திருந்த இடத்தில். அதைப் பிடித்துக்கொடுத்த தடயங்களில் ஒன்று துரு. பல கற்களின் மேல் மெல்லிய துருக்கோடு ஓடியிருந்தது. உழுகிற நிலத்தில் கிடக்கிற கல்மேல் மண்வெட்டியோ கலப்பையோ உரசினால் இரும்பு ஒட்டி அப்படிக் கோடு விழும். ஆறு லட்சம் வருஷம் அசையாமல் சாம்பலுக்கு அடியில் கிடந்த கல்லில் விவசாயியின் இரும்பு எப்படிப் படும்? பேராசிரியர்கள், விருதுகள், பாடப்புத்தகம் எல்லாவற்றையும் விட ஒரு மண்வெட்டிக் கீறல் உண்மையைச் சொல்லிக்கொண்டு இருபது வருஷம் அலமாரியில் கிடந்திருக்கிறது. கையில் எடுத்தவர்கள் அதைப் பார்த்திருக்கவும் வேண்டும், பார்த்த மாதிரி தெரியவில்லை.

ஃபுஜிமுராவை வில்லனாக்கிவிட்டுப் போகலாம், வசதியாக இருக்கும். எனக்கு அவரைவிட, குழியைச் சுற்றி நின்று கை தட்டினவர்கள்தான் மனதில் நிற்கிறார்கள். ஒரு ஆள் விடியற்காலையில் பத்து நிமிஷம் புதைக்கிறார், அதன்மேல் நாள் முழுக்க உட்கார்ந்து நாகரிகம் கட்டினவர்கள் வேறு. எங்கள் ஓட்டை வாசித்தது நாங்கள் இல்லையே.

சுற்றி நிற்கிறவர்களின் ஆசை இன்னும் மோசமான வேலையும் செய்யும். தெற்கு ஆப்பிரிக்கப் பகுதியில் கிரேட் ஜிம்பாப்வே என்று ஒரு கல்நகரம். சாந்தே இல்லாமல் கருங்கல்லை அடுக்கிக் கட்டின சுவர், வெளிமதில் சில இடங்களில் 11 மீட்டர் உயரம். கட்டியவர்கள் அந்த மண்ணின் ஷோனா மக்களின் முன்னோர்கள். 1871-இல் கார்ல் மௌஹ் என்ற ஜெர்மன்காரர் அங்கே போனார். வாசல் உத்தரத்திலிருந்து ஒரு சிம்பைச் சீவி எடுத்து முகர்ந்து பார்த்தார். அவர் பென்சிலின் மரம் மாதிரியே நிறமும் வாசனையும். பென்சில் தேவதாரு, அப்படியானால் இதுவும் தேவதாரு, தேவதாரு என்றால் லெபனான், லெபனானிலிருந்து மரம் வந்தது என்றால் பைபிளில் வருகிற ஷீபா அரசிதான் கட்டியிருக்க வேண்டும். பென்சிலிலிருந்து ஷீபா அரசிக்கு நாலே எட்டு! அது உள்ளூர் மரம். ஆனால் அந்த நாலு எட்டையும் நம்ப வெள்ளைக்காரக் குடியேறிகளுக்குக் காரணம் இருந்தது. கருப்பர்களின் முன்னோர்கள் இப்படிக் கட்டியிருந்தால் நிலத்தைப் பிடுங்கிக்கொண்டது கொஞ்சம் உறுத்துமல்லவா, லெபனான் பக்கத்துப் பழங்கால ஃபினீஷியர்கள் கட்டினார்கள் என்றால் தொந்தரவில்லை. அப்புறம் ரிச்சர்ட் ஹால் என்று ஒருவர் வந்து, மேலே கிடந்த மண் அடுக்குகளைப் பின்னால் வந்த ஆப்பிரிக்கர்கள் போட்ட குப்பை என்று சொல்லி வாரிக் கொட்டினார். யார் கட்டினார்கள் என்பதற்கான சாட்சியே அந்த "குப்பை"தான். 1905-லேயே டேவிட் ராண்டல் மக்கைவர், 1929-இல் கெர்ட்ரூட் கேட்டன் தாம்சன் இருவரும் இது ஆப்பிரிக்கர்களின் வேலைதான் என்று தெளிவாகச் சொல்லியும் அந்த நாட்டை அப்போது ஆண்ட வெள்ளையரின் ரொடீசியா அரசு எழுபதுகள் வரை அந்தப் பேச்சை அமுக்கப் பார்த்தது. 1980-இல் விடுதலை பெற்ற நாடு அந்தக் கல்நகரின் பேரையே தனக்கு வைத்துக்கொண்டது.

ஷீபா அரசியின் நகரமும் லூரோஸும் ஒரே வகைச் சரக்கு, இரண்டுமே இல்லாத ஆட்களுக்குக் கட்டின வீடு. லூரோஸ் யாருடைய இடத்திலும் உட்காரவில்லை என்பதுதான் வித்தியாசம். 2017-இல் டேமியன் ஹர்ஸ்ட் வெனிஸில் கடலில் மூழ்கின பழங்காலக் கப்பலின் புதையல் என்று ஒரு கற்பனைக் கண்காட்சி வைத்தார். பவளம் படர்ந்த சிலைகள், நடுவில் பவளம் படர்ந்த மிக்கி மவுஸ். கப்பலின் சொந்தக்காரன் பேரில் உள்ள ஆங்கில எழுத்துகளை மாற்றிப் போட்டால் "நான் கற்பனை" என்று வரும். நல்ல வேடிக்கைதான். ஆனால் அந்தப் புதையலில் நைஜீரியாவின் இஃபே சிற்பத் தலை ஒன்றின் அச்சு அசலான பொன்னிறப் பிரதியும் இருந்தது. நைஜீரியக் கலைஞர் விக்டர் எகிகாமெனோர் கோபப்பட்டார், இஃபேயைப் பார்க்காத பிள்ளைகள் இதை ஹர்ஸ்டின் கற்பனை என்றுதானே நினைப்பார்கள் என்று. அந்தக் கோபத்துக்குப் பழைய காரணமும் உண்டு. 1910-இல் இஃபே தலைகளைப் பார்த்த லியோ ஃப்ரோபேனியஸ், இவ்வளவு நேர்த்தியாக ஆப்பிரிக்கர்கள் செய்திருக்க முடியாது, இது காணாமல் போன அட்லாண்டிஸின் மிச்சம் என்று எழுதியவர். ஒரு தடவை கற்பனை நாட்டுக்குப் பறிகொடுத்தவர்களுக்கு மறுதடவை விளையாட்டாகத் தெரியாது.

சரி, இவ்வளவு ஊர்க்கதை பேசிவிட்டு நம் வீட்டுக் கதையைப் பேசாமல் போனால் நியாயமில்லை. குமரிக்கண்டம்.

பிலிப் ஸ்கிளேட்டர் 1864-இல் லெமூரியா என்ற பேரை உண்டாக்கியபோது அவர் கவலை லெமூர் என்ற தேவாங்கு மாதிரிப் பிராணியைப் பற்றியது. மடகாஸ்கரிலும் இருக்கிறது, அதன் உறவு இந்தியாவிலும் இருக்கிறது, நடுவில் கடல், எப்படி? ஒரு நிலம் இருந்து மூழ்கியிருக்க வேண்டும். நிலத்தட்டுகளே நகர்கின்றன என்பது பின்னால் நிலைபெற்றதும் அந்தக் கண்டம் யாருக்கும் தேவைப்படாமல் போய்விட்டது. ஆனால் அதற்குள் நம்மவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். ஏனென்றால் நம்மிடம் ஏற்கெனவே கடல் கொண்ட நிலம் ஒன்று இருந்தது. "பஃறுளி யாற்றுடன் பன்மலை யடுக்கத்துக் குமரிக் கோடும் கொடுங்கடல் கொள்ள" என்று சிலப்பதிகாரம். இறையனார் களவியல் உரையோ கணக்கே கொடுக்கிறது. முதற்சங்கத்தில் இருந்தவர்கள் 549 பேர், நடந்தது 4440 ஆண்டு, ஆதரித்த அரசர்கள் 89 பேர். சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார் இன்னும் ஒரு படி மேலே போய், பஃறுளிக்கும் குமரிக்கும் நடுவில் 700 காவதம் என்று தூரம் சொல்லி, ஏழ்தெங்க நாடு, ஏழ்மதுரை நாடு, ஏழ்முன்பாலை நாடு, ஏழ்பின்பாலை நாடு, ஏழ்குன்ற நாடு, ஏழ்குணகாரை நாடு, ஏழ்குறும்பனை நாடு என்று 49 நாட்டுக்கும் பேர் சொல்வார். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். குறும்பனை என்ற இடத்தில் எனக்கு இன்றைக்கும் மணல் தெரியும், கட்டைப் பனை தெரியும்.

டேலி பொருளும் செய்து சீட்டும் எழுதினார். ஃபுஜிமுரா அசல் பொருளுக்குப் பொய்ச் சீட்டு ஒட்டினார். நம் உரையாசிரியர்களிடம் பொருளே கிடையாது, சீட்டு மட்டும்தான், அதுவும் எண்ணோடு. காட்சிக்கூடமே இல்லாத கேட்டலாக். அவர்கள் ஏமாற்றினார்கள் என்று நான் சொல்ல வரவில்லை, கேட்டதை எழுதியிருப்பார்கள், கடற்கரைக்காரர்கள் கடலுக்குப் பறிகொடுத்த ஊர்களின் நினைவு அதில் நிச்சயம் இருக்கும். ஆனால் கண்டம் இல்லை. வாட்ஸாப்பில் சித்தப்பா அனுப்புகிற வரைபடம், மடகாஸ்கரையும் ஆஸ்திரேலியாவையும் தொட்டுக்கொண்டு நீலக் கடலில் பச்சையாகக் கிடக்குமே, அது ஒரு தேவதாரு மர உத்தரம் கிடைக்காத குறைதான், மற்றபடி மௌஹின் பென்சில் போட்ட கோடு மாதிரியே போட்டது. இதைச் சொன்னால் உடனே நம்மைத் தமிழ்ப்பற்று இல்லாதவன் என்பார்கள். எனக்கு அடியார்க்கு நல்லாரின் அந்த வரியைப் பிடிப்பதற்கும் கடலடியில் ஒரு கண்டம் இருப்பதற்கும் சம்பந்தமே கிடையாது என்பதை எத்தனை தடவை சொல்வது. கொடுமணலிலும் கீழடியிலும் உடைந்த ஓட்டில் ஆதன் என்று ஒருத்தன் தன் பேரைக் கீறி வைத்திருக்கிறான். குழம்புச் சட்டியாகக்கூட இருந்திருக்கலாம். அவனை விட்டுவிட்டு 89 அரசர்களுக்கு ஏன் அலைகிறோம் என்பதுதான் எனக்குப் புரியாதது.

போன வருஷம் ஊருக்குப் போனபோது தமிழய்யாவைப் பார்த்துவிட்டு வந்தேன். ரிட்டயராகி ரொம்ப வருஷமாகிறது, காது கொஞ்சம் மந்தம். ஒத்துக்கொண்டுவிட வேண்டும் என்றுதான் போனேன். கூடத்தில் கண்ணாடி அலமாரி. தஞ்சாவூர்ப் பொம்மை, பேரன் வாங்கின கேடயம், சங்கு, அதற்குப் பக்கத்தில் பஞ்சு வைத்த தீப்பெட்டி அட்டையில் எங்கள் ஓடு. முன்னால் பழுப்பேறின காகிதச் சீட்டு, ஊதா மையில், அவருடைய நிமிர்ந்த கையெழுத்தில்: சாத்தன். கிடைத்த இடம், தொண்டுப்பட்டிக்கு வடக்கே. ஆழம், ஒரு முழம். கண்டெடுத்தவர்கள் என்று எங்கள் இரண்டு பேர் பேரும், அன்றைய தேதியும். முதல் வார்த்தையைத் தவிர அத்தனையும் உண்மை. நான் அலமாரிக் கண்ணாடியில் மூக்கு படுகிற அளவுக்குக் குனிந்து கீறலைப் பார்த்தேன். துரு இருக்கிறதா என்று. டிகாஷன் கறையா துருவா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. "எடுத்துப் பாரு கண்ணு" என்றார். "பரவாயில்லீங்கய்யா" என்று சொல்லிவிட்டுக் காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். சொல்லவில்லை.

பஸ் ஏறினதும் மாமன் மகனுக்குப் போன் போட்டேன். விஷயத்தைக் கேட்டுச் சிரி சிரி என்று சிரித்தான். சிரித்து முடித்துவிட்டு, "ஆனா அவரு அன்னிக்கே தப்பாத்தான் படிச்சாரு மாப்ள" என்றான். "அது சாத்தன் இல்ல. நான் கொற்றன்னுதான் எழுதுனேன்."

கூட்டல் குறி, கவண், ஏணி என்றேன். "மொதல் எழுத்து கூட்டல் குறிதான, பழைய தமிழி எழுத்து சார்ட்ல பாரு, அதுதான் க" என்றான். போட்டோ இருந்தால் அனுப்பு, மற்ற ரெண்டையும் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.